இறக்கையின் வாலோடு நடந்தவர்

காற்றாலையின் இறக்கையை ஏற்றிவந்த நீண்ட டிரெய்லர், திண்டுக்கல்லில் பழனி ரோட்டுத் திருப்பத்தில் எங்கள் பேருந்தை மறித்து நின்றது. இறக்கையின் நுனியில் உள்ளங்கையை வைத்தபடியே ஒருவர் பின்னால் நடந்துவந்தார். ஒட்டிய கன்னம், வெயிலில் வெளுத்த பச்சைச் சட்டை, வாயில் விசில். டிரெய்லர் ஓட்டுபவருக்கு வால் தெரியாது. இவருடைய விசிலைக் கேட்டுத்தான் வண்டியை நகர்த்துவார்.

எங்கள் கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. பேருந்தைக் கிளப்புவதற்காக இரண்டு விசில் ஊதினார். நகர்ந்தது டிரெய்லர்!

நுனி வளைந்து என் ஜன்னலை நோக்கி வந்தது. பேருந்துக்குள் ஒரே அலறல். பச்சைச் சட்டைக்காரர் நடுவில் பாய்ந்து நீளமாக ஒரு விசில் ஊதினார். ஒரு சாண் தள்ளி நின்றது இறக்கை.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கண்டக்டரிடம் கையைத்தான் நீட்டினார்.

"அந்த விசிலைக் குடுங்க. வண்டி திரும்புனதும் தாரேன்."

கண்டக்டர் கொடுத்தார்.

ஜன்னல் வழியாக அவரிடம், "எங்கண்ணே போகுது இது?" என்றேன்.

"உடுமலைக்கு. தூத்துக்குடி துறைமுகத்துல ஏத்துனது. கடல்ல நிறுத்தப்போற காத்தாடிக்கு றெக்கை இதைவிட நீளமாம் சார். ரோட்டுல வராது. துறைமுகத்துலயே செஞ்சு, அப்பிடியே கப்பல்ல ஏத்திருவாகளாம்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றவர் நுனியில் மறுபடி கைவைத்தார். "அங்கயும் வாலைப் பாக்க ஒரு ஆளு வேணும்ல சார்?"

உடனே அவருடைய விசில் வாய்க்குப் போய்விட்டது. டிரெய்லர் முழுதாகத் திரும்பியதும், கண்டக்டரின் விசிலை என் ஜன்னல் வழியாகத் தந்துவிட்டு ஓடினார்.

அந்த நுனி கண்ணைவிட்டு மறையும்வரை நான் விசிலைக் கண்டக்டரிடம் கொடுக்கவில்லை.