வெளுத்த பவளத்தில் மூன்று நண்டுகள்

போன மே மாதம் சென்னையை அடுத்த கோவளத்தில் முதன்முறையாகக் கடலுக்குள் இறங்கியபோது, பாறை இடுக்கில் பால் வெள்ளையாக ஒரு பவளத்தைப் பார்த்துவிட்டு, இதே வலைப்பதிவில் "அழகோ அழகு" என்று எழுதித் தள்ளியிருந்தேன். அது அழகில்லை, கடல் சூட்டில் தனக்கு உணவூட்டும் நுண்ணுயிர்களை இழந்து, வெளுத்துப் பட்டினி கிடக்கிறது என்று ஒரு வாசகர் கீழே எழுதிவிட்டார். சுருக்கென்றது. அது பிழைத்ததா இல்லையா என்று தெரியாமலே ஒரு வருடம் ஓட்டினேன். இந்த மே முதல் ஞாயிறு, பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

செம்பாக்கத்தில் ஸ்கூட்டரை எடுத்தபோது காலை 5.10. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈசிஆர் கடற்கரைச் சாலையைப் பிடித்து 28 கிலோமீட்டர், 6.05க்குக் கோவளம். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். படகு, சிலிண்டர், உடை, வழிகாட்டி எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். வழிகாட்டி பாஸ்கர் உள்ளூர் மீனவர். போன வருடமும் அவர்தான் கூட்டிப்போனார்.

இருபது நிமிடப் படகு. எட்டு மீட்டர் ஆழத்தில் கலங்கல் தண்ணீர், இரண்டு கை தூரம்தான் தெரிந்தது. என் பவளம் அதே இடுக்கில் இருந்தது. வெள்ளை போய் நல்ல பழுப்பு. நிறம் திரும்பிவிட்டதே என்று மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டே சிரித்து, வாய் நிறைய உப்புத் தண்ணீர் குடித்தேன்.

பாஸ்கர் சிரிக்கவில்லை. பக்கத்துப் பாறையில் வெள்ளைவெளேரென்று இருந்த இன்னொரு பவளத்துக்குள் டார்ச் அடித்தார். கிளைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு நண்டுகள். மூன்றாவது ஒன்று, ஒரு கொடுக்கு இல்லாமல், அடிக்கிளையில் தொற்றிக்கொண்டிருந்தது. அது ஏறப் பார்க்கும்போதெல்லாம் மற்ற இரண்டும் துரத்தின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல நிறத்தில் இருப்பதில் ஒரு ஈ காக்காய் இல்லை, வெளுத்ததில் இடத்துக்கு அடிதடி.

படகில் ஏறியதும் அதைத்தான் கேட்டேன்.

"உங்களுது மேல கீற பழுப்பு வெறும் பாசிதான்க்கா. உள்ள எப்பவோ செத்துப்போச்சு. வெள்ளையா கீதே, அதுக்கு இன்னும் உசுரு கீது. அதான் நண்டு போவல."

பவளத்தில் ஊறும் வழவழப்புதான் அந்த நண்டுக்குச் சாப்பாடாம். பதிலுக்கு, பவளத்தை மேய வரும் நட்சத்திர மீனை அது கிள்ளி விரட்டுமாம். பவளம் பட்டினி கிடந்தால் நண்டுக்கும் அரை வயிறு, முட்டையும் குறையும். பவளம் செத்தால் வெளியே வந்தாக வேண்டும். வழியில் மீன் வாயில் சிக்காமல் தப்பினாலும், அடுத்த பவளத்தில் ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கும். அப்படியானால் அந்த ஒற்றைக் கொடுக்கு நண்டு என் பவளத்திலிருந்து வந்ததா என்றேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த வெள்ளைப் பவளமாவது பிழைக்குமா என்றேன்.

"கடல் சூடு எறங்கணும்க்கா. நல்லா ஒரு மழ வந்தா பொழைச்சாலும் பொழைக்கும்."

போகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் போங்கள், தண்ணீர் தெளிவாக இருக்கும். டார்ச் கேட்டு வாங்குங்கள். எதையும் தொடாதீர்கள். முக்கியமாக, நிறத்தைப் பார்த்து என்னைப் போல முடிவு கட்டாதீர்கள், உள்ளே நண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பும்போது மணி பத்தரை, வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் தெரு ஏரியை ஒட்டியது, பெருமழையில் தண்ணீர் ஏறிவிடும். மழை என்றாலே வண்டியை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று மேட்டு இடம் தேடி அலைகிற ஆள் நான். அன்று மேடவாக்கம் சிக்னலில் நின்றுகொண்டு, மழையே வந்து தொலையேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.