வெளிச்சம் கசியாத த்ரொட்டில்

கோயிலில் கொடுக்கிற திருநீற்றைக்கூட நான் மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய். ஆனால் தேங்காயைத் தட்டாமல் வாங்கியதில்லை, தராசின் அடியைப் பார்க்காமல் மிளகு விற்றதில்லை. மாத்தளையில் வியாபாரம் செய்கிற எவனும் அப்படித்தான். மற்றவர்கள் சந்தேகத்தை முகத்தில் காட்டுவதில்லை, நான் காட்டிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு சின்ன லொறி இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின். பலசரக்கு ஏற்றிக்கொண்டு இரத்தோட்டை தாண்டி மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி, வில்கமுவைக் கடைகளுக்குப் போடுவேன். திரும்பும்போது பூசணியோ நெல்லோ கிடைத்ததை ஏற்றி வருவேன். போன வருடம் அது ஏற்றத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மிதித்தால் சத்தம் வரும், லொறி நகராது. பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே என்னைத் தள்ளிவிடுவான் போலிருக்கும்.

லொறி வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்ப்பது ஒரு முஸ்லிம் மெக்கானிக். ஊரே அவரை நானா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடும். அவரை முழுசாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. மற்றவர்களைவிடக் குறைவாகச் சந்தேகப்பட்டேன். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, கழற்றுகிற ஸ்குரூவையெல்லாம் கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருப்பேன். இந்த ஊரில் வேறு மூன்று கராஜ்களோடு நான் சண்டை போட்டு முடித்தாயிற்று. இவரையும் விட்டால் லொறியைக் கொண்டுபோக எனக்கு வேறு இடம் கிடையாது.

த்ரொட்டில் பொடியை மாற்றிப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். த்ரொட்டில் பொடி என்பது எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வாசலில் இருக்கிற குழாய். நடுவில் ஒரு வட்டத் தட்டு. மிதித்தால் தட்டு திரும்பிக் காற்றை விடும், காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். குழாயின் வாயை அகலமாக்கி, தட்டையும் பெரிதாகப் போட்டால் எஞ்சின் நன்றாக இழுக்கும் என்று வீடியோவில் ஒருவன் அடித்துச் சொன்னான்.

நானா சிரித்தார். "கொஞ்சம் லேசா இழுக்கும் மொதலாளி. குதிரையாகாது."

இருந்தாலும் அடுத்த வாரம் மூன்றைக் கொண்டுவந்து பெஞ்சில் பழைய பேப்பரை விரித்து வைத்தார். ஒன்று ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான். இன்னொன்று வேறு எஞ்சினுடையது, இடையில் ஒரு பிளேட் வைத்துப் பூட்ட வேண்டும். மூன்றாவது என் லொறியின் ரகம்தான், லேத்தில் கடைந்து வாயை அகலமாக்கியது. புதுத் தட்டு பளபளத்தது.

நான் ஒவ்வொன்றாக எடுத்து, தட்டை மூடி, வெயிலுக்கு நேரே பிடித்தேன். முதலாவதில் ஓரமெல்லாம் வெளிச்சம். இரண்டாவதில் பாதி நிலவு மாதிரி ஒரு கீற்று. தட்டின் அச்சை ஆட்டிப் பார்த்தேன், அதுவும் ஆடியது. மூன்றாவதில் மட்டும் வெளிச்சம் ஊசிமுனை அளவுக்குத்தான் கசிந்தது.

"இதுலயும் வருதே நானா."

"கொஞ்சம் வரத்தான் வேணும். ஒரேயடியா இறுக்கினா தட்டு ஒட்டிக்கும்."

அப்படித்தான் சொல்வார்கள். அரைகுறை வேலையை விற்கிறவன் எல்லோரும் அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பான். வெளிச்சமே வராத மாதிரிச் செய்து தந்தால் எடுக்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு லேத்துக்குத் திருப்பி அனுப்பினார். அந்த லேத் அவருடைய மருமகனுடையது என்று அதற்குப் பிறகுதான் டீக்கடையில் கேள்விப்பட்டேன். மூன்றை வைத்து ஒன்றை எடுக்க வைக்கிற வித்தையை நானும் கடையில் செய்திருக்கிறேன்.

சாமான் திரும்பி வந்தது வெள்ளிக்கிழமை. சொட்டு வெளிச்சம் இல்லை. வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் மனைவி அதை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வந்திருந்தாள்.

"எஞ்சினுக்கே மூக்கு மாத்துறீங்க. சாமிகிட்ட காட்டாம எப்படிங்க பூட்டுறது?"

அதில் எனக்குச் சந்தேகம் ஒன்றும் வரவில்லை. அவள் துணியில் சுற்றித் தந்ததை அப்படியே நானாவிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார், மறுபடி துணியைச் சுற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"மொதலாளி, போய் டீ குடிச்சிட்டு வாங்களே."

இத்தனை வருடத்தில் அவர் என்னை டீக்கு அனுப்பியதே இல்லை. போனேன், ஆனால் டீ இறங்கவில்லை. பாதிக் கிளாசை வைத்துவிட்டு ஓடி வந்தபோது சாமானைப் பூட்டி முடித்திருந்தார். எதையோ மாற்றிவிட்டார் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வில்கமுவைக்குப் போனோம். அங்கிருக்கிற தன் தங்கையைப் பார்க்க மனைவியும் வந்தாள். ஏற்றத்தில் லொறி முன்னைவிட நன்றாகவே இழுத்தது, அந்தப் பக்க இறக்கத்திலும் ஒரு குறை தெரியவில்லை. சந்தோஷப்படலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். திரும்பும்போது பின்னால் பூசணிக்காய் நிறைய இருந்தது. உச்சியைத் தாண்டி இரத்தோட்டைப் பக்கம் இறங்க ஆரம்பித்ததும் காலை எடுத்தேன். எஞ்சின் சத்தம் குறையவில்லை.

"கால எடுங்க," என்றாள்.

"எடுத்துட்டேன்."

"எடுங்கன்னு சொல்றேன்ல."

"எடுத்துட்டேன், பாரு."

அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். லொறி தானாகவே என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. பிரேக்கை மிதித்தால் பிடித்தது, விட்டால் மறுபடி பாய்ந்தது. வளைவுக்கு முன்னாலேயே பிரேக் கருகும் நாற்றம் வந்துவிட்டது. கியரைக் குறைத்து, மலைப்பக்க மண்மேட்டில் முன்சக்கரத்தை முட்டி நிறுத்தினேன். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். பயந்துதான் போனேன். வளைவுக்கு அந்தப் பக்கம் வேலி இல்லை.

பிரேக் ஆறும்வரை காத்திருந்து, சின்னக் கியரில் நின்று நின்றே மாத்தளைக்கு வந்தோம். வழியெல்லாம் மனதுக்குள் வழக்கை அடுக்கினேன். மருமகனின் லேத், திடீர் டீ, எதையோ மாற்றியது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, இனி அந்தக் கராஜ் வாசலை மிதிப்பதில்லை என்றும் முடிவு செய்தேன்.

கராஜில் இறங்கியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானா குழாயைக் கழற்றி, த்ரொட்டில் பொடியை வெளியே எடுத்து, உள்ளே போன் வெளிச்சத்தைப் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

வாயின் உட்சுவரில், தட்டின் ஓரம் வந்து உட்காருகிற இடத்தில், சந்தனமும் குங்குமமும் எஞ்சின் சூட்டில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தன. தட்டு அதில் கடித்துக்கொண்டு, முழுக்க மூடாமல் நின்றது.

"நான்தாங்க வச்சேன்," என்றாள் மனைவி. "வெளிய வச்சா எண்ணெயில அழிஞ்சிரும்னு உள்ள வச்சேன்."

எனக்கு அவள்மீது கோபம் வந்தது, அதைவிடக் கோபம் நானாமீது. "நீங்க பாத்தீங்கதானே நானா. தொடச்சிருக்கலாம்ல?"

"பாத்தேன்தான். டீக்கு அனுப்பிட்டு அதத்தான் யோசிச்சிக்கிட்டு ஈந்தேன்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "துணிய எடுத்தேன், திரும்ப வச்சேன். உங்கட சாமி பொட்டு. வேற ஆளா ஈந்தா தொடச்சிட்டு சொல்லீப்பேன். நீங்க ஸ்குரூவ எண்ணுற ஆள். நான் தொடச்சா நீங்க என்னத்த நெனைப்பீங்க?"

என்ன நினைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்று அவர் சொன்னபோதும் ஏமாற்றுகிறார் என்றுதானே நினைத்தேன். வேலியில்லாத அந்த வளைவும், குனிந்து என் காலைப் பார்த்த மனைவியின் முகமும் கண்ணுக்குள் வந்தன. வெட்கமாக இருந்தது.

நானா துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்து மனைவியிடம் கொடுத்தார். "நீங்களே எடுங்க தங்கச்சி."

அவள் விரலால் சுரண்டிச் சுத்தமாகத் துடைத்தாள். பிறகு முந்தானை முடிச்சிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஏர் கிளீனர் மூடியின் மேல்பக்கத்தை நானா காட்டினார். "இங்க வைங்க. இங்கின எண்ணெ வராது."

தட்டின் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்து இடைவெளி விடட்டுமா என்று என்னிடம் கேட்டார். நீங்கள் நினைக்கிறபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்தேன்.

சேர்விசுக்கு விடும்போதெல்லாம் நானா அந்தப் பொட்டை விட்டுவிட்டு, மூடியைச் சுற்றித்தான் துடைக்கிறாராம். கூட வந்து நிற்கிற மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் அப்போது டீக்கடையில் இருப்பேன். டீக்கடையிலிருந்து பார்த்தால் கராஜ் தெரியாது.