இது பாடமா, சும்மாவா?

துப்பட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு ராபியா கதவோரம் நிற்கிறாள். வாசற்படியில் அவளுடைய ஏழு வயது மகள் ஹனியா, பதினொரு நெத்திலி மீனை மூன்று பூனைகளுக்குப் பங்கு போடுகிறாள். ஆளுக்கு நாலு வைத்துக்கொண்டே வந்தால் கடைசிப் பூனைக்கு ஒன்று குறைகிறது. கலைத்துவிட்டு முதலிலிருந்து வைக்கிறாள். இப்போது நடுப்பூனைக்கு ஒன்று குறைகிறது. பூனைகள் கணக்குக்குக் காத்திருக்கும் ஜாதி இல்லை. ஒன்று முன்னங்காலை நீட்டிவிட்டது. விடை ராபியாவின் நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது. துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்கிறாள்.

கடைசியில் ஹனியா மூன்றாவது பூனையைத் தூக்கி, கனம் பார்த்து, இறக்கி விடுகிறாள். “இது குட்டி. இதுக்கு மூணு போதும்” என்கிறாள். கணக்கு முடிந்தது. ராபியா துணியை விடுகிறாள். அவளிடம் இருக்கிற துப்பட்டாக்கள் அத்தனையிலும் வலது நுனி நைந்திருக்கும். துவைத்துக் காயப்போடும்போது பக்கத்து வீட்டு ரெபேக்காள் கேட்பாள்: “இன்னா ராபியா, வூட்ல எலி கீதா?”

கடிக்காமல் அவளால் இருக்க முடியாது. டீச்சராக இருந்தவள். கேளம்பாக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. வகுப்பை நாலைந்து வருஷம் கட்டி மேய்த்தவள். எழுத்து ஏறாத பிள்ளையா, ராபியா மிஸ்ஸிடம் விடு என்று அங்கே பேச்சு. ஸ்கேலை மேஜையில்தான் தட்டுவாள். ஆனால் அது எந்த நிமிஷமும் இடம் மாறலாம் என்று பிள்ளைகள் நம்பும்படி தட்டுவாள். வேலையை விட்ட பிறகும் டீச்சர் குரல் அவளை விட்டுப் போகவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் பிள்ளைகளின் கூச்சல் பொறுக்காமல் “ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்!” என்று ஒரு சத்தம் போட்டாள். மண்டபமே அடங்கியது. பிரியாணிப் பந்தியில் இருந்த இரண்டு பெரியவர்கள்கூட விரலை உதட்டுக்குக் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவள் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள் என்றால் கோவளம் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் வேன் ஹாரன். காலையில் அது தெருமுனையில் கேட்டதும் ஹனியா தின்ற இட்லியை வாந்தி எடுப்பாள். டாக்டரிடம் காட்டியாயிற்று, சிரப் கொடுத்தாயிற்று, தர்காவில் ஓதி ஊதியும் பார்த்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை தட்டைத் தள்ளி வைத்தாள். யாரும் சொல்லாமல் தானே எழுந்து குளியலறைக்குப் போய்க் குனிந்து நின்றாள். பிள்ளை அதற்குப் பழகிவிட்டாள் என்பதைத்தான் ராபியாவால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் வேனைத் திருப்பி அனுப்பினாள். அந்த மாதத்தோடு தன் வேலையையும் விட்டாள்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஞாயிறு மாலைகளில் நாவலூர் அடுக்குமாடிகளிலிருந்து கோவளம் கடற்கரைக்குப் பிள்ளைகளோடு வரும் சில ஐ.டி. தம்பதிகள் சொன்னார்கள்: அன்ஸ்கூலிங். பிள்ளை கேட்காத வரைக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கேட்டால், கேட்ட அளவுக்கு மட்டும். அவர்களில் காயத்ரி என்பவள், “பிள்ளைய நம்பணும் ராபியா, அவ்ளோதான்” என்பாள். நம்புவது ராபியாவுக்குக் கஷ்டமாக இல்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம்.

ஹனியாவுக்கோ மோப்பம் அதிகம். கடையில் கத்தரிக்காய் எடை போடும்போது அம்மாவின் குரல் கொஞ்சம் இனித்தால் போதும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்: “ம்மா, இது பாடமா, சும்மாவா?” பாடம் என்றால் நடையைக் கட்டுவாள். சும்மா என்றால் நிற்பாள். பாடத்தை ஒளித்து வைத்துக்கொண்டு சும்மா என்று சொன்னால், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

ஒருமுறை மாமல்லபுரம் பஸ்ஸில் நெம்மேலியைத் தாண்டும்போது, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கி மெட்ராசுக்கு அனுப்புகிற ஆலையை ராபியா ஜன்னல் வழியே காட்டினாள். “அப்ப உப்ப இன்னா பண்ணுவாங்க?” என்றாள் ஹனியா. கேட்டுவிட்டாளே! ராபியாவுக்குப் பெருநாள் வந்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலை தாயும் மகளும் கடலில் ஒரு சின்னக் குடம் மொண்டு வந்து அடுப்பில் வைத்தார்கள். மத்தியானம் வரைக்கும் கொதித்து, நல்ல பாத்திரம் ஒன்று அடிகருகி, ஒரு கைப்பிடி சாம்பல் நிற உப்பு மிஞ்சியது. “பாத்தியா, தண்ணி ஆவியாகி...” என்று ராபியா ஆரம்பித்தாள். ஹனியாவின் கை இடுப்புக்குப் போயிற்று, அந்தக் கேள்வி வந்தது. ராபியா வாயை மூடிக்கொண்டாள். அன்றைய ரசத்துக்கு அந்த உப்புதான். அவள் புருஷன் அப்துல் சுபஹான் ஒரு வாய் குடித்துவிட்டு, “இன்னா கசப்பு! இன்னாது இது?” என்றான்.

“பாடம்” என்றாள் ராபியா.

சுபஹானுக்குக் கேளம்பாக்கத்தில் பெயிண்ட் கடை. பொறுமைசாலி. வாந்தி எடுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன் என்பதால் பள்ளியை நிறுத்தியபோது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் எட்டாவதோடு நின்றுபோன மனிதன். அவனுக்கு அவன் பயம். “எழுத்து தெரியாதவன எவன் வேணா ஏமாத்துவான் ராபியா. மத்ததெல்லாம் உன் இஷ்டம். படிக்க மட்டும் தெரிஞ்சிடணும்” என்றான். நோன்புப் பெருநாள் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் ஹனியா படிக்கவில்லை என்றால் ஜூன் மாதம் பள்ளியில் சேர்ப்பது என்று பேச்சு. நடுநடுவே கடையிலிருந்து பெயிண்ட் கலர் அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தனக்குத் தெரியாத மாதிரி மகளைக் கேட்பான்: “இது இன்னா எழுத்து? அத்தாவுக்கு புரியல.” ஹனியா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “குந்திகினு கீற கொக்கு மாரி கீது அத்தா” என்பாள்.

பெருநாள் வந்தது, போயிற்று. கொக்கு கொக்காகவே இருந்தது.

ராபியாவின் அவஸ்தையை அவள்தான் அறிவாள். அவள் நினைத்தால் இரண்டு வாரத்தில் ஹனியாவைப் படிக்க வைத்துவிடலாம். எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறாள்! ஸ்கேலை எடுத்து மேஜையில் தட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு அவள் மகள் மறுபடியும் குளியலறைக்குப் போய்க் குனிந்து நிற்பாளோ என்று பயம். ஒருநாள் கை அரிப்பு தாங்காமல், கதவு, ஜன்னல், பீரோ, ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினாள். ஹனியா ஒன்றுமே கேட்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், பூனை முதுகில் ‘கதவு’ என்று ஒட்டியிருந்தது.

ரெபேக்காள் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வாத்தியார் புள்ள மக்குன்னு சும்மாவா சொன்னாங்க? ஸ்கூல்ல போட்டுட்டு நிம்மதியா இரேன்டி. ஏன் இப்டி பேஜாரு புடிச்சிகினு கீற?” ராபியாவும் கூடச் சிரித்தாள். ரெபேக்காள் போன பிறகு வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டே சுபஹான் சொன்னான்: “ஸ்கூல் கரஸ்பாண்டன்ட் இன்னிக்கி கடைக்கு வராரு. ஒரு சீட்ட நமக்குன்னு நிறுத்தி வெச்சிகினு கீறாரு. வேணுமா வேணாமான்னு இன்னிக்கி சொல்லியாவணும். மத்தியானம் ஃபோன் பண்றேன். படிக்கறான்னு நீ சொன்னா, வேணாம்னுட்றேன். இல்லனா சேத்துடலாம். இன்னா?”

ராபியா தலையை ஆட்டினாள். புருஷனிடம் அவள் பொய் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து, மின்விசிறிக்கு நேர் கீழே பாய் விரித்தார்கள். இந்த ஒரு நேரத்துக்கு மட்டும் ஹனியா எந்தக் கேள்வியும் கேட்க மாட்டாள். அம்மாவின் தொடையில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். அம்மா நூலகத்துப் புத்தகத்தைக் குரல் மாற்றி மாற்றிப் படித்துக்காட்டுவாள். சிங்கத்துக்கு ஒரு குரல், கிழவனுக்கு ஒரு குரல், முதலைக்குச் சளி பிடித்த குரல். மேஜையைத் தட்டின டீச்சருக்குள் இப்படி ஒருத்தி இருந்தது அவளுக்கே தெரியாது. அன்றைக்குப் புதுப் புத்தகம், காலையில்தான் எடுத்துவந்தது. சந்தைக்குப் போகப் பஸ் ஏறிய ஒரு ஆட்டின் கதை.

வாய் படித்துக்கொண்டிருந்தது, மனசு பக்கத்தில் கிடந்த ஃபோனில் இருந்தது. இன்னும் பத்து நாளில் வேன் வரும், ஹாரன் அடிக்கும். பிள்ளை என்ன செய்வாள்? ராபியா படித்தாள்: “ஆடு பஸ்ஸில் ஏறியது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.”

“கண்டக்டர் தலய சொறிஞ்சத வுட்டுட்ட” என்றாள் ஹனியா.

ராபியா புத்தகத்தைப் பார்த்தாள். ஆமாம், ஒரு வரியை விட்டிருந்தாள். ‘ஆட்டுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று தெரியாமல் கண்டக்டர் தலையைச் சொறிந்தார்.’ படத்தில் கண்டக்டரே இல்லை. ஆடு மட்டும்தான் இருந்தது.

மடியில் கிடந்த தலை சட்டென்று எழுந்தது. ஹனியா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ராபியாவுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. தெருவுக்கு ஓடிப்போய் ரெபேக்காளைக் கூப்பிட வேண்டும். அடுத்த வரியைப் படி, அதற்கு அடுத்ததையும் படி என்று சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளையின் முகம் திருட்டில் அகப்பட்டுக்கொண்ட முகமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

“எப்பலேர்ந்துடா கண்ணு?” என்றாள் மெதுவாக.

“எனக்கு ஒண்ணும் படிக்கத் தெரியாது” என்றாள் ஹனியா. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே, “நீதான சொன்ன?” என்றாள்.

“நா இன்னா சொன்னேன்?”

“லைப்ரரில சொன்ன. நீ படிக்கக் கத்துகினா அப்பறம் அம்மா படிச்சிக் காட்டத் தேவையில்ல, நீயே படிச்சிக்கலாம்னு.”

சொல்லித்தான் இருந்தாள். ஆசை காட்டச் சொன்னது. தன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்வதுதான். இவள் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்த மத்தியான நேரம் பறிபோய்விடுமே என்று, தெரிந்த எழுத்தையெல்லாம் வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு, கொக்கு என்றும் பூனை என்றும் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாள். ராபியாவுக்குப் பாவமாக இருந்தது, பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“அது அம்மா தப்பா சொல்லிட்டேன். நீ படிச்சாலும் நா படிச்சிக் காட்டுவேன்.”

“பத்து வயசு ஆனாலும்?”

“ஆனாலும்.”

“எனக்கு கல்யாணம் ஆனாலும்?”

“மாப்பிள்ளைக்கும் சேத்து படிக்கறேன்.”

ஹனியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். “அவன் வேணாம். நம்ம ரெண்டு பேரு மட்டும்.”

அப்போதுதான் ஃபோன் அடித்தது. சுபஹானின் குரலுக்குப் பின்னால், பெயிண்ட் டப்பாவைக் குலுக்குகிற மெஷின் கடகடத்தது. “ராபியா, அவரு எதிர்ல குந்திகினு கீறாரு. இன்னா சொல்லட்டும்? படிக்கறாளா?”

ஹனியா அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ராபியாவுக்குத் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், பாவம் அந்த மனுஷன் சந்தோஷத்தில் ஃபோனை ஸ்பீக்கரில் போடுவான். அவகிட்ட குடு, ஒரு வரி படிச்சிக் காட்டச் சொல்லு என்பான். கரஸ்பாண்டன்ட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். இந்தப் பிடி அதற்குப் பிறகு இருக்காது.

“சீட்டு வேணாம்னு சொல்லிடு மச்சான்.”

“அப்ப படிக்கறாளா?”

“வூட்டுக்கு வா, சொல்றேன். ஃபோன்ல அவள ஒண்ணும் கேக்காத.”

எதைக் கேட்டாலும் நீளமாக விளக்கம் சொல்கிறவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசி அவன் கேட்டதில்லை. “உன்ன நம்பி சொல்லட்டுமா?” என்றான்.

“நம்பி சொல்லு.”

“சரி” என்றான் சுபஹான்.

ராபியா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். புத்தகத்தை எடுத்து, விட்ட வரியைத் தேடிப் பிடித்தாள். கண்டக்டருக்கென்று ஒரு கட்டைக் குரல் வைத்துக்கொண்டு, ஆட்டுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று ஆரம்பித்தாள். ஹனியா மடியில் சாய்ந்தபடியே ஒரு விரலைக் கொண்டுவந்து தாளில் வைத்தாள். விரல் முதலில் அம்மாவின் குரலுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்தது. அடுத்த வரியில் கூடவே வந்தது. ராபியா கவனிக்காத மாதிரி படித்துக்கொண்டே, விரல் தன்னை முந்திப் போகட்டும் என்று, குரலை ஒரு சொல் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.