சன்னல் மேடையில் இரண்டு ரேடியோ

இரண்டு கைகளும் கோட்டுத் துணியில் இருக்க, வலது முழங்கையால் ரேடியோவின் குமிழை ஒரு நூலிழை தள்ளுகிறார் காஜா அக்கா. உள்ளே கீச்சென்று கேட்ட சத்தம் மெலிந்து மெலிந்து பாட்டாகிறது. "வந்துட்டான்" என்கிறார், யாரையும் பார்க்காமல்.

மணி மூன்றரை. கடல் தாண்டிய ஒரு நிலையம் தினமும் இந்த நேரத்தில் சிற்றலையில் அரைமணி தமிழில் பேசும், பாடும். எங்கள் தையல்கூடத்தில் பதினான்கு பெண்கள். பட்டன் துளைகளைக் கையால் பின்னுவது அக்காவின் வேலை. அதற்குத்தான் காஜா என்று பெயர், அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. கூடத்துக்கு ஒரே ஒரு ரேடியோதான் என்பது முதலாளியின் கட்டளை. ஏரியல் கம்பி சன்னல் வழியாக வருவதால் ரேடியோ சன்னல் மேடையில்தான் இருக்க வேண்டும். ரேடியோ யாருடையதோ, சன்னல் ஓர இருக்கையும் அவருடையது. ஒன்பது வருடங்களாகக் காற்றும் வெளிச்சமும் அக்காவுக்கே. நூல் பிசிறு வெட்டும் நான் கடைசி மூலையில் இருக்கிறேன். பாட்டு என்னிடம் வந்து சேரும்போது பாதிதான் மிச்சம் இருக்கும். அந்த இருக்கையை நான் பார்த்த பார்வைக்கு அது எப்போதோ பற்றி எரிந்திருக்க வேண்டும்.

யார் வீட்டுக்குப் போனாலும் அக்காவின் கண் முதலில் ரேடியோவைத்தான் தேடும். அனுமதி கேட்கமாட்டார். தூக்கிப் பார்ப்பார். கனம் இல்லாவிட்டால், "பட்டனை அமுக்கினா பெட்டியே பின்னால நகந்து ஓடும்" என்று கீழே வைத்துவிடுவார். குமிழின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவார். வழுவழுப்பாக இருந்தால் மதிப்பெண் போச்சு. முள் நிற்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும் என்பார். "கேக்குறதுல பாதி காது, பாதி கை" என்பது அவர் வேதம். பக்கத்து வீட்டுக்காரி புதிதாக வாங்கிய ரேடியோ நன்றாக இருந்துவிட்டால் அக்கா இரண்டு நாள் அந்தப் பக்கம் போகமாட்டார். மூன்றாம் நாள், "கைப்பிடி சரியில்ல, பாவம்" என்று ஒரு குறை கிடைத்திருக்கும். அன்றுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. மூன்றரை மணிக்குச் சன்னலுக்குப் பக்கத்தில் யாரும் போன் சார்ஜர் சொருகக்கூடாது. "பிடுங்குடீ அதை! காதுக்குள்ள குளவி புகுந்த மாதிரி இருக்கு" என்று கத்துவார். பிடுங்கியதும் பாட்டு தெளியும். இதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கவனித்தவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

போன மாதம் கட்டிங் மாஸ்டர் புது ரேடியோ ஒன்றோடு வந்தார். முள் கிடையாது, எண்கள் பச்சையாக எரிந்தன. அவருக்குத் துணி வெட்ட வெளிச்சம் வேண்டும்; சன்னல் இடம் வேண்டும்.

"அக்கா, உங்க பெட்டிக்கு வயசாயிடுச்சு, இருமுது. என்னுது பாருங்க, கரண்ட்ல ஓடுது. பேட்டரி செல் செலவே கிடையாது."

"இருமினாலும் பாடிட்டுத்தான் தம்பி இருமும். உன்னுது முதல்ல வாயைத் திறக்கட்டும்."

அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் பார்வை ரேடியோவைவிட்டு, அதன் வயர் முனையில் இருந்த கறுப்பு அடாப்டருக்குப் போய் ஒரு நிமிடம் அங்கேயே நின்றது. பிறகு அவரே போட்டியை அறிவித்தார்.

"ரெண்டையும் இதே மேடையில வைப்போம். ஒரே கம்பி, ஒரே நிலையம். ஒண்ணு பாடும்போது இன்னொண்ணு பிளக்கைப் பிடுங்கிட்டு அடங்கி இருக்கணும். அதானே நியாயம்? எது தெளிவோ அதுக்கு இடம்."

"நான் ரெடி" என்றார் மாஸ்டர்.

மறுநாள் மூன்றரைக்கு மிஷின்களை நிறுத்தினோம். அக்காவின் ரேடியோ செல்லில் ஓடியது, கரகரத்தாலும் பாடியது. அடுத்து மாஸ்டர் பிளக்கைச் சொருகி, கம்பியைத் தம்முடையதில் மாட்டினார். ஒரே ரீங்காரம். அதற்கு அடியில் எங்கோ ஒரு குரல் மூழ்கிக்கொண்டிருந்தது. குட்டிக் குட்டி பட்டன்களை அமுக்கி மேலும் கீழும் தேடினார். வேர்த்துப்போய், வேறு ஏதோ ஒரு எண்ணில் அப்படியே விட்டுவிட்டு அணைத்தார்.

"மாஸ்டர், ரேடியோ வாங்கினீங்களா, மிக்சி வாங்கினீங்களா?" என்று ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைப்பவள் கேட்க, கூடமே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. "விடுங்கடீ, பாவம். கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

பிளக்கைப் பிடுங்கிச் செல் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினான்கு பேர் நடுவில் நான் பேசிய வழக்கம் இல்லை. அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். அந்த இருக்கை எனக்கு இல்லையென்றால் அது மாஸ்டருக்கு மட்டும் எதற்கு என்றும் இருந்தது.

மூன்றே முக்காலுக்கு எல்லோரும் டீ குடிக்கக் கீழே போனார்கள். அன்று சாயந்திரமே கடையில் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாக மாஸ்டர் சொல்லிக்கொண்டே படி இறங்கினார். அக்கா வழக்கம்போல ரேடியோவோடு தங்கிவிட்டார். என் டம்ளரை மறந்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பி வந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அக்கா தம் ரேடியோவின் முதுகைத் திறந்து நான்கு செல்களையும் எடுத்திருந்தார். அவை மாஸ்டருடையதில் ஏறின. கம்பியை மாட்டி, ஒரு விரலால் எண்களை நகர்த்தினார்.

பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பாட்டு அந்த மூலை வரை, என் இடம் வரை முழுசாகப் போனது. அக்கா குனிந்து, ஒலிபெருக்கி வலையில் கன்னத்தை ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு கேட்டார். அடுத்தவள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுபவர்போல இருந்தது அவர் முகம். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அதையும் கேட்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று ஒலியை அடக்கினார். பச்சை எண்களையே பார்த்தபடி, அந்தச் சின்னப் பட்டனை ஒவ்வொரு தட்டாகப் பின்னோக்கி அமுக்கினார். மாஸ்டர் விட்டுப்போன அதே எண் வந்து நின்ற பிறகுதான் செல்களைக் கழற்றினார்.