லிப்டுக்கு எதிரே முட்டைக் கண்கள்

அலுவலக ஹாலோவீன் விருந்துக்கு முட்டைக் கண்கள் செய்து வருவதாக நானேதான் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவித்த முட்டைகளைப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவை மலாய் மிளகாய்ச் சம்பலோடு பிசைந்து நிரப்பி, நடுவில் கறுப்பு ஆலிவ் வைத்தேன். சம்பல் எண்ணெயால் ரத்த நரம்புகள் இழுத்தேன். தட்டு நிறையக் கண்கள் முறைத்தன.

ஜார்ஜ் டவுனில் எங்கள் ஃப்ளாட் வாசல், லிப்டுக்கு எதிரே, தாழ்வாரங்கள் முச்சந்திபோல் கூடும் முனையில் இருக்கிறது. தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். லிப்ட் திறந்தது. பக்கத்து வீட்டு அக்கா, காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டபடி கிளினிக்கிலிருந்து வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“திருஷ்டி கழிச்ச முட்டையா?”

“இல்லக்கா, பார்ட்டிக்கு. சாப்பிடுறதுதான் லா.”

“புள்ளைக்குக் காய்ச்சலே விடல. இதைத் தாண்டச் சொல்றியா?”

லிப்ட் கதவு அவர் தோளில் இடித்து மறுபடி திறந்தது. சாப்பாடுதான் என்று காட்ட நினைத்தேன். ஒரு கண்ணை எடுத்து அவர் முன்னாலேயே மென்று விழுங்கினேன். அவர் மகளின் முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கி லிப்டுக்குள் போனார்.

மறுநாளே குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. அந்தக் காய்ச்சலை முட்டையோடு நான் தின்றுவிட்டேன் என்கிறாராம் அக்கா. இப்போதெல்லாம் என்னோடு லிப்டில் ஏறுவதில்லை.