சாய்ந்து நின்ற நீச்சல் குளம்

மலாயாவில், லூனாஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் படையெடுத்து வந்ததும் வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஒரு ஜப்பானிய அதிகாரி வந்து குடியேறினார். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரப்பர் வாங்க ஆளில்லாமல் பால்வெட்டு பாதிக்கு மேல் நின்றுபோயிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் கூலியாட்களின் வீட்டு வரிசையான லயத்துக்குப் பக்கத்தில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். அங்கே கங்காணி வந்து, “நாளையிலேருந்து எல்லாரும் பங்களாவுக்கு வந்துருங்க. ஜப்பான்காரன் நீந்துறதுக்குக் குளம் கட்டணுமாம்” என்றார்.

“ஏன், ஆத்துல தண்ணி இல்லையா அவனுக்கு?” என்று கேட்டேன்.

“ஆத்துல அட்டை கடிக்குதாம், தங்கச்சி.”

சண்டை போட வந்தவனுக்கு அட்டையிடம் பயமா என்று அன்று லயமே சிரித்தது.

பங்களாவுக்குப் பின்னால் இருந்த இடம் சரிவானது. ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் நாங்கள் மண் சுமந்தோம். ரப்பர் காயவைக்கும் பழைய புகைக்கூடத்தை இடித்துச் செங்கல் எடுத்தோம். சிமெண்டை அதிகாரியே எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அது கொஞ்சம்தான். மட்டம் பார்க்கிற பொறுப்பு கங்காணியுடையது. அவர் பங்களா வேலியின் மேல்கட்டையைப் பார்த்து, அதற்கு நேராகக் கயிறு கட்டச் சொன்னார். அந்த வேலியே சரிவோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவரும் தரையும் அந்தக் கயிற்றோடுதான் போயின. கட்டி முடித்தபோது பார்க்க அழகாகவே இருந்தது.

மேட்டிலிருந்த ஊற்றிலிருந்து மூங்கில் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டோம். ரப்பர் மரங்களைப் பார்த்த கீழ்ப்பக்கச் சுவர் நிறைந்து வழியத் தொடங்கியது. பங்களாப் பக்கத்துச் சுவரோ தண்ணீருக்கு மேலே இரண்டு முழம் காய்ந்து நின்றது.

“இன்னும் நிறையும், பொறுங்க” என்றார் கங்காணி.

“எங்க நிறையும்? அந்தப் பக்கந்தான் ஊத்திக்கிட்டு இருக்கே” என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி மட்டும். நம்மவர்கள் கட்டுகிற கோவணமேதான். பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். அவர் யாரையும் பார்க்காமல் பங்களாப் பக்கச் சுவரில் ஏறித் தொபீரென்று குதித்தார். அங்கே தண்ணீர் தொடையளவுதான். முழங்கால் தரையில் இடித்து, எழுந்து நின்று கத்தினார். கரைக்கு ஏறி வந்ததும் முதலில் அறை வாங்கியவர் கிராணி. பாவம், தோட்டத்துக் கணக்குப் பார்க்கிறவர். குளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

தண்ணீர் ஏன் ஒரு பக்கமாகப் போகிறது என்று உடைந்த மலாயில் அதிகாரி கேட்டார். என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். “தண்ணி மேல தப்பில்ல துவான், அது நேராத்தான் இருக்கு. குளந்தான் சாஞ்சிருக்கு” என்று மலாயில் சொல்லிவிட்டார். அதிகாரி அவரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். அன்று நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைத் திட்டியதுபோல் எந்த நாளும் திட்டியதில்லை.

சரிசெய்யச் சொல்லி உத்தரவு. சிமெண்டு தீர்ந்துவிட்டதால், களிமண்ணைக் குழைத்துக் கீழ்ப்பக்கச் சுவரின் மேல் செங்கல் அடுக்கி உயர்த்தினோம். ஒரு ராத்திரி தாங்கியது. விடிந்ததும் அது பிய்த்துக்கொண்டு, தண்ணீர் சரிவில் இறங்கி மரவள்ளிக் கொல்லையைக் கடந்து லயத்துக்கே வந்துவிட்டது. வாசலில் வாத்துகள் நீந்தின. அடுப்பு நனைந்துபோன எரிச்சலில் நான் கங்காணியிடம் கேட்டேன்: “ஏன் ஐயா, கீழ்ப்பக்கத்தை ஏத்த முடியலன்னா, பங்களாப் பக்கத்தை இடிச்சுக் குறைச்சா என்ன?”

கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கிராணியைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். அதிகாரி சம்மதித்துவிட்டார்.

மேல்பக்கத்தை இடித்துக்கொண்டிருந்தபோதுதான் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே அப்போதெல்லாம் சோறு இறங்காது. லாரியில் வந்தவர்கள் ஆண்களை வரிசையில் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரரும் வரிசையில் நின்றார். நான் மண்கூடையை இறக்கவும் மறந்து நின்றேன். அதிகாரி பங்களாப் படியிலிருந்து இறங்கி வந்து அவர்களிடம் ஏதோ சத்தம் போட்டார். லாரி வெறுமையாகத் திரும்பியது.

“என்ன சொன்னான்?” என்று எல்லோரும் கிராணியை மொய்த்தோம். ஜப்பான்காரர்கள் நடத்திய மாலை வகுப்பில் அவர் கொஞ்சம் ஜப்பான் மொழி படித்திருந்தார்.

“குளம் முடியிற வரைக்கும் ஒரு ஆளையும் தொடக்கூடாதுன்னான்லா.”

அன்று சாயங்காலம் கங்காணி எங்களை மரத்தடியில் கூட்டினார். “யாரும் அவசரப்பட வேணாம். ஒவ்வொரு கல்லாப் பூப் பறிக்கிற மாதிரி எடுங்க” என்றார். அப்படியே எடுத்தோம். எடுத்த கல்லைத் துடைத்தோம், அடுக்கினோம், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினோம். மழை பெய்தால் மழையென்று உட்கார்ந்தோம். உடையாத கல்லில் வீட்டுக்கு வீடு புது அடுப்பு கட்டிக்கொண்டோம். அதிகாரிக்குப் புரிந்ததா, புரியாததுபோல் இருந்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஏறியவர்களில் பலர் திரும்பவில்லை. எங்கள் லயத்தில் ஒரு வீட்டு விளக்கும் அணையவில்லை.

ஒருவழியாகச் சுவர்கள் தண்ணீரோடு சமமாவதற்குள் ஆள் பிடிக்கும் லாரிகள் வருவதும் நின்றுவிட்டது. அதிகாரி தினமும் காலையில் நீந்தினார். ஒருநாள் சந்தோஷத்தில் எங்களுக்கு ஒரு மூட்டை உப்பு கொடுத்தார். அந்த நாளில் உப்பு தங்கம்.

சண்டை முடிந்து அவர் போனதும், துரை திரும்பி வருகிற வரைக்கும் குளம் எங்களுடையதாயிற்று. முதல் நாள் சாயங்காலம் லயமே அதில் இறங்கியது. என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டே கீழ்ப்பக்கம் நடந்து போனார். தலை மறைந்தது. கங்காணியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். இருமி, துப்பி, மூச்சு வந்ததும், “மறுபடியும் போறேன்” என்றார். ஒரு மாதத்துக்குள் நன்றாகவே நீந்தக் கற்றுக்கொண்டார். நான் கடைசிவரை தொடையளவுத் தண்ணீரிலேயே உட்கார்ந்து, துணி துவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.