இரண்டு ஃப்ரெட் கீழே

"இத வித்துக் குடுத்துடுங்க பாய்," என்று சொல்லி ஜெயபால் அண்ணன் தம் கிட்டாரை என் மேசைமீது படுக்க வைத்தார்.

ஆம்பூர் கடைவீதியில் இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். விற்பனைக்கு வரும் கிட்டார்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் இந்தக் கிட்டாரைப் பல ஆண்டுகளாக அறிவேன். கம்பி மாற்ற அவர் வேறெவரிடமும் போனதில்லை. பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலை ஒன்றில், தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம் செக்ஷனில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இரவு ஜெபத்தின்போது அவர் வாசிக்க, வேலூரில் நர்ஸாகப் பணியாற்றிய அவர் மனைவி கிரேஸ் சிஸ்டர் பாடுவார். அன்று சிஸ்டரும் உடன் வந்து வாசலருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

விற்கும் பொருளாயினும் முதலில் ட்யூனிங், அதாவது சுருதி பார்ப்பது தொழில் முறை. அதற்கு வழிகள் பல. இரு கிளை உலோகக் கவையான ட்யூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டி, அதன் அடியைக் கிட்டார் பலகையில் ஊன்றி, அந்த ஓசைக்கு ஐந்தாம் கம்பியைச் சேர்ப்பது ஒன்று. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் ஐந்தாவதை அழுத்தி ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பியைக் கூட்டுவது இன்னொன்று. மூன்றாம் கம்பிக்கு மட்டும் நான்காம் ஃப்ரெட். இரு கம்பிகளை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு, மணியோசை போல் எழும் ஹார்மோனிக்ஸ் இரண்டும் ஒன்றாக அடங்கும்வரை முறுக்குவதும் உண்டு. இக்காலத்தில் கிளிப் ட்யூனரைக் கிட்டாரின் தலைப்பகுதியில் மாட்டினால் சுரத்தின் எழுத்தைக் காட்டிப் பச்சை விளக்கு எரியும். அண்ணனின் கிட்டாரில் அதுதான் மாட்டியிருந்தது. ஆறு கம்பிகளும் பிசகின்றி இருந்தன.

"இன்னாண்ணே குறை? எதுக்கு விக்கணும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆபரேஷனுக்கு அப்புறம், நான் இத எடுத்தாலே கிரேஸ் எழுந்து கிச்சனுக்குப் போய்டுது பாய். சத்தம் பேஜாரா இருக்கு போல. அதுக்குப் புடிக்காதது வூட்ல எதுக்கு?"

சிஸ்டருக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதன் பிறகு குரல் தடித்துத் தாழ்ந்துவிட்டது.

"புடிக்கலன்னு யார் சொன்னது?" என்று வாசலிலிருந்து அந்தக் குரல் வந்தது. "எனக்கு எட்டல பாய். ரெண்டாவது வரி மேல போகும்போது ஒடஞ்சிடுது. அதக் கேட்டா இவரு மொகம் வாடிடும். அதான் எழுந்து போய்டுவேன்."

"சொல்லிருக்கலாம்ல கிரேஸ்?"

"சொன்னா வாசிக்கிறத விட்டுடுவீங்க."

"இப்ப மட்டும் இன்னா பண்றேன்?"

நான் கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு, ஜெபத்தில் பாடும் பாட்டின் முதல் வரியைத் தமக்குச் சுலபமான இடத்தில் மெல்ல முனகும்படி சிஸ்டரைக் கேட்டுக்கொண்டேன். அண்ணன் வழக்கமாகத் தொடங்கும் இடத்தைவிட அது சுருதியில் இரண்டு ஃப்ரெட் கீழே இருந்தது. அண்ணனின் விரல்கள் ஒரே கார்டு வரிசைக்கு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டுகளின் ஒரே வரிசைக்குப் பழகியவை. ஆகவே விரலை மாற்றுவதைவிடக் கம்பியின் சுருதியை இறக்குவதே தக்கது என்று தீர்மானித்தேன். இறக்கிய கம்பி தளர்ந்து இரையும் என்பதால் தடித்த செட் ஒன்றைப் போட்டேன். சிஸ்டரை மீண்டும் முனகச் சொல்லி, அக்குரலுக்கே நான்காம் கம்பியைச் சேர்த்து, மற்றவற்றை அதிலிருந்து கூட்டினேன்.

அண்ணன் கிளிப்பை எட்டிப் பார்த்தார். "பாய், E வர்ற எடத்துல D காட்டுதே. தப்பாச்சே."

"ஃபேக்டரில அமிலம் பாக்குற பிஎச் மீட்டர் சொன்னாத்தான் தோல நம்புவாரு," என்றார் சிஸ்டர். "சர்வீஸ் முழுக்க அதே பழக்கம்."

"கழட்டி பாக்கெட்ல போடுங்கண்ணே. கை எப்பவும் போல போகட்டும்," என்றேன்.

அவர் வாசித்தார். சிஸ்டர் அமர்ந்தபடியே தொடங்கினார். இரண்டாவது வரி மேலெழுந்த இடத்தில் குரல் கரகரத்தது, ஆனால் உடையவில்லை. ஏறி, நின்று, இறங்கியது. அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரே கார்டை மீட்டிக்கொண்டிருந்தார்.

"கார்ட மாத்துங்க," என்றார் சிஸ்டர், பாட்டுக்கு நடுவே.

கிட்டாரை உறையில் இட்டு அவர்களே எடுத்துச் சென்றார்கள். விற்பதைப் பற்றி எவரும் பேசவில்லை.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. ஃபோர்க்கும் ட்யூனரும் கம்பிகள் சரியாக உள்ளனவா என்பதைச் சொல்லும். அதற்குமேல் அவற்றுக்குத் தெரியாது. அன்று முதல், எவர் கிட்டாரைக் கொண்டுவந்தாலும் முதலில் ஒன்று கேட்கிறேன்: "கூட யாரு பாடப்போறாங்க?" பதில் வந்த பிறகே ஃபோர்க்கைத் தட்டுகிறேன்.